தோம்பும் பூசைக் கொப்பியும்: வன்னியில் ஐந்து நாள்

ஜூலை 1, மடு

கோட்டையில் ரயில் ஏறியதும் சின்னம்மா ஜன்னலோரம் போய் இருந்துவிட்டார். குடை, மாத்திரைப் பெட்டி, தண்ணிப் போத்தல் எல்லாவற்றையும் என்னிடம் தந்தவர், மடியில் இருந்த நீல நிற ஃபைலை மட்டும் தரவில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். மகனின் பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சீட்டு, பாஸ்போர்ட் அளவில் ஒரு படம், அலுவலகம் அலுவலகமாகக் கொடுத்த கடிதங்களின் பிரதிகள். அவன் 2009 மே மாதம், யுத்தம் முடிந்த நாட்களில், வட்டுவாகலில் பஸ்ஸில் ஏற்றப்பட்டவன்.

ராகமையில் ஒரு கூட்டம் ஏறியது. சிங்களக் கத்தோலிக்கர்கள். எங்களைப் போலவே மடுத் திருவிழாவுக்குப் போகிறவர்கள். அனுராதபுரம் தாண்டியதும் செபமாலை தொடங்கினார்கள். சின்னம்மாவுக்குச் சிங்களம் நாலு சொல்தான் தெரியும். ஆனாலும் அருள்நிறை மந்திரத்தில் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பது அவருக்கு விளங்கியது. அவர்கள் முதற்பாதியைச் சிங்களத்தில் சொல்ல, இவர் மறுபாதியைத் தமிழில் சொன்னார். மதவாச்சி வரைக்கும் அப்படியே வந்தோம்.

நாளைக்கு லீவு போட்டுத்தான் வந்தேன் என்று அவர்களில் ஒரு பெரியவர் சொன்னார். நான் அதைச் சின்னம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். “லீவோ? நான் படிக்கேக்க ஞாயிற்றுக்கிழமையே பள்ளிக்கூடம், தெரியுமோ தம்பி?” என்றார்.

உண்மைதான். 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிறு வேலை நாள். பிறையைப் பார்த்து வந்த போயா நாட்கள்தான் வார விடுமுறை. அதைக் கொண்டுவந்த அரசாங்கத்தில் தமிழரசுக் கட்சியும் பங்காளி. சின்னம்மாவின் ஊரில் சுவாமியார் விடிய நாலரைக்குப் பூசை வைப்பாராம். பெட்டைகள் வெள்ளைச் சட்டையோடு கோயிலுக்குப் போய், புத்தகப் பையைக் கால்மாட்டில் வைத்துப் பூசை கண்டு, அப்படியே பள்ளிக்கூடம் போவார்களாம்.

“பூசைக்குப் போகாதே எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. நேரத்தைத்தான் எடுத்துப் போட்டாங்கள்.”

அரசும் மதமும் பற்றி நான் வாசித்த கட்டுரைகளில் இவ்வளவு தெளிவான ஒரு வரி கிடையாது. மதத்தைத் தடை செய்ய வேண்டியதில்லை. நாட்காட்டி போதும்.

மடு வீதி ஸ்டேசனில் இறங்கி ஓட்டோ பிடித்தோம். காட்டுக்குள் மரத்துக்கு மரம் தறப்பாள் கட்டிச் சனம் சமைத்துக்கொண்டிருந்தது. வேஸ்பர் என்ற மாலைச் செபம் தொடங்க முதல் சின்னம்மாவுக்கு ஒரு பாலை மரத்தடியில் பாய் விரித்துக் கொடுத்தேன்.

ஜூலை 2, மடு

நாலு மணிக்கே எழும்பிவிட்டோம். மாதாவின் சொரூபம் சிறியது. முதன்முறை வருகிறவர்கள், இவ்வளவுதானா என்று கேட்பார்கள். 1924 ஜூலை 2ஆம் திகதி பாப்பரசரின் பேரில் முடிசூட்டினார்கள். இன்றைய ஆடித் திருநாள் அதன் நினைவு. ஆனால் இந்தச் சொரூபத்தின் கதை முடிசூட்டலில் தொடங்கவில்லை, ஓட்டத்தில் தொடங்கியது.

1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், சீர்திருத்த சபையினர். வந்த கையோடு கத்தோலிக்கக் குருக்களுக்கு இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை போட்டார்கள். மாந்தையில் இருந்த மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு 1670 அளவில் இருபது குடும்பங்கள் காட்டுக்குள் நுழைந்தன. வந்து நின்ற இடம் மருதமடு. அன்று இது வன்னியர் என்ற சிற்றரசரின் காடு, ஒல்லாந்தக் கொம்பனியின் கை எட்டாத இடம்.

காட்டுக்குள் ஓடாமல் நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் நாங்கள் பேச வேண்டும். அவர்கள் தோம்பில் எழுதப்பட்டார்கள். ஒவ்வொரு பங்கிலும் பள்ளிக்கூடத் தோம்பு என்று ஒரு பதிவேடு. ஞானஸ்நானமும் கலியாணமும் அதில் ஏறினால்தான் செல்லும். முதுசக் காணி பிள்ளைக்குப் போக வேண்டுமென்றால் அந்தப் பிள்ளையின் பெயர் அதில் இருக்க வேண்டும். முதலியார் வேலை, விதானை வேலை வேண்டுமென்றாலும் அதே கதை. சனம் வரிசையில் நின்று பெயரைக் கொடுத்தது. ஏட்டைப் பார்த்தால் யாழ்ப்பாணமே சீர்திருத்தக் கிறிஸ்தவ நாடு. வீட்டுக்குள் திருநீறு திருநீறாகவே இருந்தது. போர்த்துக்கேயர் காலத்திலேயே, விரதச் சாப்பாடு சாப்பிட்ட வாழையிலையைக் கூரை இறப்பில் செருகி மறைத்த சனம் இது. 1796இல் ஒல்லாந்தர் போனார்கள். 1806இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார்கள். அரசாங்கம் எழுதிய அந்தக் கிறிஸ்தவம் கொஞ்ச வருசத்துக்குள் உருத்தெரியாமல் போயிற்று. காட்டுக்குள் ஒளித்துவைத்த சொரூபத்தைத் தேடி இன்றைக்கும் ராகமையிலிருந்து ரயில் ஏறுகிறார்கள்.

பூசை முடிந்து தேத்தண்ணிக் கொட்டிலில் ஒரு பங்கு இளைஞனோடு கதைத்தேன். ஆசிரியர். கோபக்காரப் பிள்ளை. “பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் எண்டு யாப்பில எழுதி வச்சிருக்கிறாங்கள். எங்களுக்கும் ஒரு இடம் கேக்க வேணும் அண்ணை. கேளாமல் ஒண்டும் கிடையாது” என்றார்.

அவருடைய கோபம் நியாயமானது. 1947 அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவு, ஒரு மதத்தவருக்கு மட்டும் சலுகை கொடுக்கவோ சுமை ஏற்றவோ பாராளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றது. 1972இல் அந்தப் பிரிவு போய்விட்டது, பௌத்தத்துக்கு முதலிடம் வந்தது. 1978 யாப்பின் 9ஆம் உறுப்புரையும் அதையே சொல்கிறது. புத்த சாசனத்தைப் பாதுகாத்து வளர்ப்பது அரசின் கடமை. மற்ற மதங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அது வீட்டுக்காரன் வாடகைக்கு இருப்பவனுக்குக் கொடுக்கும் உரிமை மாதிரி. முல்லைத்தீவில், குருந்தூர்மலையில் விகாரை கட்டுவது பற்றிய வழக்குகளைக் கையில் வைத்திருந்த நீதிபதி, உயிர் அச்சுறுத்தல் என்று சொல்லி 2023 செப்ரெம்பரில் பதவியை விட்டு நாட்டையும் விட்டுப் போனதைக் கண்டோம். முதன்மைத் தானம் என்பது காகிதத்தில் நிற்கும் சொல் இல்லை.

ஆனாலும் அந்தத் தம்பியிடம் நான் சொன்னது இதுதான்: அரசாங்கத்தின் பந்தியில் எங்களுக்கு இடம் வாங்கினால் நாங்களும் ஒல்லாந்தர் ஆகிவிடுவோம். கேட்க வேண்டியது 29ஆம் பிரிவைத்தான். ஒருவருக்கும் முதல் இடம் வேண்டாம். அதோடு இன்னொன்றும் சொன்னேன். கிறிஸ்தவ அரசாங்கம் கத்தோலிக்கரைத் துரத்திய காலத்தில், 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேப் வாஸ் முனிவருக்குக் கடைசியில் இடம் கொடுத்தவர் கண்டியின் பௌத்த அரசர். முதலில் ஒற்றன் என்று சிறையில் போட்டவர்தான், பிறகு நாடு முழுக்கப் போய்ப் போதிக்க விட்டார்.

தம்பி ஏற்றுக்கொள்ளவில்லை. “அரசர் மனம் வச்சதால குடுத்தவர். மனம் வைக்காட்டி?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு உரிய பதில் யாப்புத்தான். அதைத்தானே நானும் சொல்கிறேன் என்றேன். வேஸ்பர் முடிந்தும் கதைத்துக்கொண்டிருந்தோம்.

போகும்போது சின்னம்மா கோயில் மண் கொஞ்சம் அள்ளிக் கடதாசியில் மடித்துக்கொண்டார். பாம்புக்கடிக்கு மடு மண் என்பார்கள். 1999 நவம்பரில் இந்த வளவில் அடைக்கலம் புகுந்திருந்த சனத்தின் மீது செல் விழுந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதே மண்.

ஜூலை 3, மாந்தை

இன்றைய குறிப்பை எழுத மனம் பாரமாக இருக்கிறது.

மடு மாதா புறப்பட்ட மாந்தையிலிருந்து திருக்கேதீச்சரத்துக்கு நடந்து போகலாம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கல்லில்தான் மன்னார்க் கோட்டையைக் கட்டினார்கள் என்று இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லுவார்கள். எங்களுக்கும் எங்கள் கணக்கு உண்டு. 1544இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் படை மன்னாரில் சுமார் 600 கிறிஸ்தவர்களை வெட்டியது. தோட்டவெளியில் அந்த வேதசாட்சிகளை இன்றும் நினைவுகூருகிறோம். அரசனின் மதம் குடியின் மதமாக வேண்டும் என்று இரண்டு பக்கமும் நினைத்த காலம்.

அந்தக் காலம் போய்விட்டது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல் நாள், கேதீச்சரம் போகும் வீதியில் வைத்த வளைவை எங்கள் ஆட்கள் பிடுங்கி எறிந்தார்கள். கொழும்பிலிருந்து ஃபோனில் அந்த வீடியோவைப் பார்த்தபோது, கையில் இருந்த ஃபோனைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். காணி யாருடையது, அனுமதி யார் கொடுத்தது என்று எங்கள் பக்கத்திலும் நியாயம் சொன்னார்கள். இருக்கட்டும். துரத்தப்பட்டு, சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் ஓடியவர்களின் கோயில் மாந்தைக் கோயில். அந்த மண்ணில் நின்று அடுத்த கோயிலின் அடையாளத்தில் கைவைக்க எங்களுக்கு எந்த நியாயமும் கிடையாது. மன்னார் மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கர். நாட்டில் சிறுபான்மை, இங்கே பெரும்பான்மை. எங்களுடைய விசுவாசம் அரசாங்கத்துக்குள் போனால் எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு சின்னப் பரீட்சை வந்தது. நாங்கள் அதில் தோற்றோம்.

தமிழரசுக் கட்சித் தலைவராக இருந்த தந்தை செல்வா ஞாபகம் வந்தார். புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர், கடைசிவரை அப்படியே இருந்தவர். காங்கேசன்துறைச் சைவச் சனம் 1956இலிருந்து அவரைத் திரும்பத் திரும்பப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறுபக்கத்தில், அங்கிலிக்கனாக ஞானஸ்நானம் பெற்று, பௌத்தராக மாறி, அதே 1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டத்தோடு வந்தவர் பண்டாரநாயக்க. சனத்தின் மதத்துக்கு மாறினால்தான் சனத்துக்குத் தலைமை தாங்கலாம் என்பது பொய் என்று காட்டியவர்கள் எங்கள் சைவ அயலவர்கள். அந்தக் கடனை நாங்கள் வளைவு பிடுங்கியா தீர்த்தோம்?

சின்னம்மா பாலாவித் தீர்த்தக்கரையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் கதைக்கவில்லை.

ஜூலை 4, இரணைமாதா நகர்

மன்னாரிலிருந்து ஏ-32 வீதியில் வடக்கே. விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, அங்கிருந்து கரைப்பக்கம் தேவன்பிட்டி. 2008 ஏப்ரிலில் சண்டை மடுவை நெருங்கியபோது மாதா சொரூபத்தைக் குருமார் இங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். ஆவணி மாதம் திரும்ப மடுவுக்குப் போயிற்று. 1670இல் மாந்தையிலிருந்து மடுவுக்கு, 2008இல் மடுவிலிருந்து தேவன்பிட்டிக்கு. இடம்பெயர்ந்த சனத்தின் மாதா அவள், இதைவிட வேறு பட்டம் அவளுக்கு வேண்டாம்.

முழங்காவில் தாண்டி இரணைமாதா நகர். கரையில் ஒரு அக்கா வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தா. நண்டின் பின்னங்காலைப் பெருவிரலால் அமத்தி, நூலை ஒரு சுற்றுச் சுற்றி இழுக்க, வலையும் அறாமல் நண்டின் காலும் முறியாமல் கழன்று வந்தது. கால் முறிந்த நண்டுக்குக் கொம்பனி விலை குறைக்கும் என்றா. கதைத்துக்கொண்டே நாற்பது நண்டாவது கழற்றியிருப்பா.

இரணைதீவுச் சனம் 1992இல் இடம்பெயர்ந்தது. யுத்தம் முடிந்த பிறகும் தீவு கடற்படையின் கையில். 2017 மே 1ஆம் திகதி கரையில் கொட்டில் போட்டு இருந்தார்கள். மனு, மகஜர், கொழும்புப் பயணம் எல்லாம் நடந்தன. ஒரு வருசம் ஆகப் போகிறது, அசைவில்லை. 2018 ஏப்ரில் 23, வள்ளங்களில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு சனம் தானாகவே தீவுக்குப் போய் இறங்கியது. இறங்கியதும் முதலில் போனது கோயிலுக்கு.

“நேவி சுடுவாங்கள் எண்டு பயமில்லையோ அக்கா?”

“பயம்தான். செபமாலையைச் சொல்லிக்கொண்டு போனம். சுவாமிமாரும் வந்தவை. சுட்டா எல்லாருமாச் சேந்து போவம் எண்டு நினைச்சன்.”

அரசியலில் மதம் கலக்கக் கூடாது என்று கொழும்பில் நண்பர்கள் சொல்லும்போது இந்த அக்காவைத்தான் இனி நினைப்பேன். அவ அரசாங்கத்தில் பங்கு கேட்கவில்லை. தன்னுடைய கிணற்றைக் கேட்டா. செபமாலை அதற்கு அவவோடு கூட வந்தது.

இன்னொரு விசயமும் சொன்னா. கொரோனாக் காலத்தில் முஸ்லிம்களின் உடல்களையும் அரசாங்கம் கட்டாயமாக எரித்தது. பிறகு 2021 மார்ச்சில், இரணைதீவில் புதைக்கலாம் என்று அறிவித்தது. தீவுச் சனமும் குருமாரும் எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். முஸ்லிம்கள் மேல் வெறுப்பா என்று நான் கேட்டேன். அக்கா நிமிர்ந்து பார்த்தா. “அவையின்ர சவத்தை அவையின்ர ஊரில, அவையின்ர சொந்தக்காரர் வந்து புதைக்க வேணும். அதைத்தான் நாங்களும் கேட்டம். ஒரு பாவப்பட்ட சனத்தின்ர பிரச்சினையை இன்னொரு பாவப்பட்ட சனத்தின்ர தலையில கொண்டுவந்து போட்டவங்கள்.” நண்டு கழற்றுவதை அப்போதுதான் நிறுத்தினா.

ஜூலை 5, முல்லைத்தீவுக் கரை

இரவு கிளிநொச்சியில் தங்கினோம். காலையில் கந்தசாமி கோயிலடியைத் தாண்டும்போது சின்னம்மா கையால் காட்டினார். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் அங்கேதான் போராட்டத்தில் இருந்தார்கள். சின்னம்மாவும் மாதக்கணக்காக இருந்தார். பின்னேரத்தில் ஒருத்தி தேவாரம் படிப்பா, இவர் செபமாலை சொல்லுவாராம். முருகன் வாசல், இரண்டுக்கும் இடம் இருந்தது.

பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக முள்ளிவாய்க்கால். நான் அதிகம் எழுதப் போவதில்லை. 2017 மே மாதம், இறந்தவர்களின் பெயர் பொறித்த கற்களை இங்கே ஆலயத்தருகே நட முயன்றபோது பொலிஸ் நீதிமன்றத் தடை வாங்கியது. கல்லில் பெயர் இருப்பதற்கு அரசு ஏன் பயப்பட வேண்டும்?

ஏனென்றால் பெயர் கணக்காகிவிடும். 2011 ஜனவரி 8ஆம் திகதி, மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால் ஒரு கணக்கைச் சொன்னார். மாவட்ட அரச செயலகமான கச்சேரியின் புள்ளிவிவரப்படி 2008 ஒக்ரோபரில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059. 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380. மீதி 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அவ்வளவுதான். முதலாவது அரசாங்கத்தின் சொந்தக் கணக்கு, இரண்டாவது ஐ.நா.வின் கணக்கு, ஆயர் கழித்துப் பார்த்தார். பிறகு சி.ஐ.டி. அவரிடம் வந்து விசாரித்தது. அவர் அந்த எண்ணைத் திரும்பப் பெறவில்லை. 2021 ஏப்ரில் 1ஆம் திகதி இறந்தார். கிறிஸ்தவ விசுவாசத்துக்கு நாட்டு நடப்பில் என்ன வேலை என்று யாராவது என்னிடம் கேட்டால் இந்தக் கழித்தல் கணக்கைத்தான் காட்டுவேன். ஒல்லாந்தர் தோம்பில் பெயர் இருந்தவனுக்குக் காணி கிடைத்தது. ஆயரின் கணக்கில் இருந்தவர்கள் எந்தத் தோம்பிலும் இல்லாதவர்கள்.

வட்டுவாகல் பாலத்தில் ஓட்டோவை மெதுவாகப் போகச் சொன்னார் சின்னம்மா. நந்திக்கடல் வெயிலில் மினுங்கியது. 2009 மே 18ஆம் திகதி சரணடைந்தவர்களோடு ஃபாதர் பிரான்சிஸ் ஜோசப்பும் போனார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர். சரணடைந்தவர்களின் பெயர்களை அவர் எழுதிக்கொண்டிருந்தார் என்று அங்கே நின்றவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலும் வரவில்லை, எழுதியவரும் வரவில்லை.

“என்ர பிள்ளையின்ர பேரும் அதில இருக்கும்” என்றார் சின்னம்மா. “ஃபாதருக்கு அவனைத் தெரியும்.”

பின்னேரம் கரையோரம் ஒரு சின்னக் கோயில். சின்னம்மாவின் பழைய பங்கு. நாளைக் காலைப் பூசைக்குக் கருத்துக் கொடுக்க வேண்டும், யாருக்காகப் பூசை என்று எழுதுவிக்க வேண்டும் என்றார். கோயில் வேலை பார்க்கும் சங்கிலித்தாம் புதுப் பெடியன், இருபது வயதிருக்கும். மேசை லாச்சியிலிருந்து பூசைக் கொப்பியை எடுத்து விரித்தான். நடுவில் கோடு கிழித்து இரண்டு பக்கம். ஒன்றில் ஆத்தும இளைப்பாற்றிக்காக, மற்றதில் சுகத்துக்காக, பரீட்சைக்காக, பயணத்துக்காக.

“யாருக்கு அம்மா?”

“என்ர மகனுக்கு.”

பெடியன் பேனையைத் திறந்துகொண்டு, “இறந்தவரோ, இருக்கிறவரோ?” என்று கேட்டான். அவன் மேல் பிழையில்லை. எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டான். சின்னம்மா ஃபைலைத் திறந்து ஞானஸ்நானச் சீட்டை எடுத்து அவனுக்கு முன்னால் வைத்தார். அவன் அதைப் பார்த்தான், திகதியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

“பேரை மட்டும் எழுது ராசா” என்றார் சின்னம்மா.

பெடியன் கொஞ்சம் யோசித்தான். பிறகு கோட்டுக்கு மேலேயே, இரண்டு பக்கத்திலும் பாதி பாதி விழும்படி, பெயரை முழுதாக எழுதினான்.